பிள்ளைகள் கையில் மாவைக் கொடுங்கள்!

மார்கழி பிறந்து விட்டது. விடியற்காலையில் வாசலில் கோலம். தெருக்கோடிக் கோயிலில் பாட்டு. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு இப்போதே பந்தல் வேலை நடக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, மண்ணச்சநல்லூர்ப் பக்கம், கிறிஸ்தவர் வீடுகளில் காகித நட்சத்திரம் ஏறிவிட்டது. கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்குகிறது.

பண்டிகை என்றால் பலகாரம். அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, கல்கல், சோமாசு. வீடெல்லாம் வெல்லப்பாகு வாசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனையையும் செய்வது யார்? வீட்டிலுள்ள தாய். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வாணலியை ஏற்றுகிறாள். பிள்ளைகள் ஆசையோடு சமையலறை வாசலில் வந்து நிற்கிறார்கள். “எண்ணெய் தெறிக்கும், போ அந்தப் பக்கம்!” என்று ஓர் அதட்டல். பிள்ளைகள் போய்விடுகிறார்கள். போகிற இடம் எது? கைப்பேசியும் கடை பிஸ்கோத்துப் பொட்டலமும்.

தாயைக் குறை சொல்ல முடியாது. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளையை யார் நிறுத்துவார்கள்? குறை பலகாரத்தில் இருக்கிறது. நம்முடைய பண்டிகைப் பலகாரங்கள் பெரும்பாலும் எண்ணெயில் பொரிப்பவை. பிள்ளைகளுக்கு அதில் வேலை இல்லை.

ஆகவே இந்த வருஷம் பத்துப் பலகாரத்தில் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறோம். அது எண்ணெய் இல்லாத பலகாரமாக இருக்கட்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பிஸ்கோத்து!

சிரிக்காதீர்கள். தைப்பொங்கலுக்கு வாங்கி, படைத்து, அவித்துத் தின்று மறந்துவிடுகிற அதே கிழங்குதான். ஆப்பிரிக்கப் பலகாரம் என்று பேர் சொல்லி, இந்தக் கிழங்கில் செய்த பிஸ்கோத்துக்கு வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் செய்முறை போடுகிறார்கள். வெண்ணெய், கோதுமை மாவு, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல், துருவிய கிழங்கு. பிள்ளைகளோடு சேர்ந்து கிறிஸ்துமஸுக்குச் செய்யத் தோதானது என்று அதற்குச் சிபாரிசு வேறு.

எந்த ஊர்ப் பண்டம்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த பிஸ்கோத்தில் ஆப்பிரிக்காவில் பிறந்த பொருள் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. சர்க்கரைவள்ளியின் தாய்நாடு அமெரிக்கா. கொலம்பஸ் 1492ல் கடல் தாண்டிப் போன பிறகுதான் ஐரோப்பியர் அதைக் கண்டார்கள். போர்ச்சுகீசியர் அதைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் கொண்டு வந்தார்கள். மிளகாயும் முந்திரியும் வந்த அதே வழி. மாவையும் வெண்ணெயையும் பிசைந்து அடுப்பில் வைத்துச் சுடும் வழக்கம் ஐரோப்பியருடையது. ஜாதிக்காயோ கிழக்கே மொலுக்கஸ் தீவுகளில் விளைந்தது. ஆப்பிரிக்கக் கிராமத்துக் கிழவியிடம் கேட்டால், “கிழங்கைச் சாம்பலில் சுட்டுத் தின்போம், அவித்துத் தின்போம்” என்றுதான் சொல்வாள். உகாண்டா நாட்டில் ஒரு பகுதியில் கிழங்கைச் சீவி வெயிலில் காயப்போட்டு, மழையில்லாத காலத்துக்கு வைத்துக் கொள்கிறார்கள். நாம் வற்றல் போடுவது போலத்தான்.

அப்படியானால் ஆப்பிரிக்கப் பண்டம் என்பது பொய்யா? அப்படிச் சொன்னால் நம்முடைய கிறிஸ்துமஸ் தட்டும் பொய்யாகிவிடும். கல்கல் மேற்குக் கடற்கரையில் கோவாப் பக்கத்திலிருந்து வந்தது. அச்சு முறுக்கின் இரும்பு அச்சுக்கு அண்ணன் தம்பிகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். சுவீடனிலும் நார்வேயிலும் இதே போன்ற பூ அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். ரயில்வே உத்தியோகத்தில் இருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பொன்மலையிலும் திருச்சி கண்டோன்மெண்டிலும் இவற்றைச் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துப் பழகினார்கள். இன்று அச்சு முறுக்கு தீபாவளித் தட்டிலும் இருக்கிறது. அதை வெளியூர்ப் பண்டம் என்று யாராவது சொல்கிறார்களா?

கேக் கதையும் இதுதான். மலையாள நாட்டில் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பிஸ்கோத்துக் கடை வைத்திருந்தார். 1883ல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் சீமைக் கேக்கைக் காட்டி, “இது போலச் செய்ய முடியுமா?” என்றாராம். பாப்பு உள்ளூர்ச் சரக்கைப் போட்டே செய்து கொடுத்தார் என்று அந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். கையில் இருப்பதை வைத்துச் செய்தால் பண்டம் அந்த ஊருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

வள்ளி யார்?

நம்மிடம் வள்ளி என்ற பேர் இந்தக் கிழங்கு வருவதற்கு வெகு காலம் முன்பே உண்டு. பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளைகிற நான்கு பொருள்களைக் கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த பெண் குழந்தைக்கு வள்ளி என்று பேர் வைத்த கதையும் எல்லோரும் அறிந்ததே. முருகன் மணந்த வள்ளிதான். ஆனால் அந்தப் பழைய வள்ளி வேறு. அது காட்டுக் கொடிக்கிழங்கு. கடல் தாண்டி வந்த கிழங்கு இனிப்பாக இருந்ததால், பழைய பேருக்கு முன்னால் சர்க்கரையைச் சேர்த்தார்கள். பின்னால் வந்த இன்னொன்றுக்கு மரவள்ளி என்று பேரிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் சர்க்கரைவள்ளிக்குச் சீனிக்கிழங்கு என்று பேர்.

அமெரிக்காவிலும் இதே மாதிரிப் பேர் குழப்பம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள், தங்கள் ஊர்க் கொடிக்கிழங்கைப் போல அங்கே சர்க்கரைவள்ளி இருந்ததைப் பார்த்தார்கள். ஊர்க் கிழங்கின் பேரையே அதற்கு வைத்து ‘யாம்’ என்றார்கள். ஊர் போய்விட்டது, உறவு போய்விட்டது. கிழங்கின் பேராவது இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

அந்த அடிமைகளின் குடும்பத்தில் பிறந்தவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, பட்டம் படித்து, அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி கல்லூரியில் விவசாயப் பேராசிரியரானார். ஏழைக் குடியானவர்களுக்குப் புரிகிற பாஷையில் சிறு சிறு புத்தகங்கள் எழுதினார். சர்க்கரைவள்ளியை எப்படிப் பயிரிடுவது, எப்படிக் கெடாமல் வைப்பது, எப்படிச் சமைப்பது என்று அவற்றில் சொன்னார். முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமைக்குப் பஞ்சம் வந்தபோது, சர்க்கரைவள்ளி மாவைக் கலந்து ரொட்டி சுடலாம் என்று செய்து காட்டினார். அவர் 1943ல் காலமானார். கோதுமை பிஸ்கோத்தில் கிழங்கைச் சேர்ப்பது நாகரிகச் சமையல்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இவரை நினைத்துக் கொள்ளட்டும்.

ஏழைக் கிழங்கு

நம் ஊரில் கிழங்குக்கு மதிப்புக் குறைவு. விருந்தாளி வந்தால் கிழங்கை வைப்போமா? மாட்டோம். பொட்டலத்தைப் பிரித்து பிஸ்கோத்து வைப்போம். இதற்குக் காரணம் இருக்கிறது. அரிசி இல்லாத நாளில் வயிற்றை நிரப்பியது கிழங்கு. 1942ல் பர்மா அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் ஜனங்களைக் காப்பாற்றியது மரவள்ளிக் கிழங்கு. கஷ்ட காலத்தில் தின்றதை, நல்ல காலம் வந்ததும் மறக்கத்தானே மனிதன் விரும்புகிறான்? மண்ணச்சநல்லூரைக் கேட்கவே வேண்டாம். ஊரின் பேரைச் சொன்னால் அரிசிதான் நினைவுக்கு வரும். எங்கே திரும்பினாலும் அரிசி ஆலை. மண்ணச்சநல்லூர்ப் பொன்னி என்று மூட்டையில் அச்சடித்து வெளியூர்களில் விற்கிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து கொண்டு கிழங்கு தின்னுங்கள் என்று எழுதத் துணிச்சல் வேண்டும்!

ஆனால் ஆப்பிரிக்காவில் இந்த ஏழைக் கிழங்கு ஒரு பெரிய வேலை செய்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாலைக்கண் என்ற நோய் நமக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் பிள்ளைக்குக் கண் தெரியாது. தட்டுத் தடுமாறும். உணவில் ‘ஏ’ ஜீவசத்து, அதாவது வைட்டமின் ‘ஏ’, போதாததால் வருவது. கவனிக்காமல் விட்டால் கண்ணே போய்விடும். அந்தச் சத்துக் குறைந்த பிள்ளைக்கு அம்மை, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் தாங்காது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இந்தக் குறை அதிகம். அங்கே ஜனங்கள் தின்றுகொண்டிருந்தது வெள்ளைச் சர்க்கரைவள்ளி. வெள்ளைக் கிழங்கில் இந்தச் சத்து இல்லை என்றே சொல்லலாம். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கிற கிழங்கில் நிறைய உண்டு. காரட்டுக்கு நிறம் கொடுக்கிற அதே பொருள்தான் அதற்கும் நிறம் கொடுக்கிறது. உடம்புக்குள் போய் ‘ஏ’ சத்தாக மாறுகிறது.

பெரு நாட்டின் லிமா நகரில் சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைச் சேர்ந்த மூன்று பேர் ஆப்பிரிக்காவில் வேலையில் இறங்கினார்கள். மரியா ஆண்ட்ராடே என்ற அம்மையார் மொசாம்பிக் நாட்டில். ராபர்ட் ம்வாங்கா தம் சொந்த நாடான உகாண்டாவில். ஜான் லோ என்ற அமெரிக்க அம்மையார் ஜனங்களின் சாப்பாட்டுப் பழக்கத்தை ஆராய்ந்து கொண்டு. வறட்சியைத் தாங்குகிற, பூச்சி நோயைத் தாங்குகிற ஆரஞ்சுக் கிழங்கு ரகங்களை உண்டாக்கினார்கள். ரகம் உண்டாக்கினால் போதுமா? ஜனங்கள் தின்ன வேண்டுமே! பிரசார வண்டிகளுக்கு ஆரஞ்சு வர்ணம் அடித்தார்கள். பாட்டுப் பாடினார்கள்; நாடகம் போட்டார்கள். இந்த மூவருக்கும், இதே துறையில் உழைத்த ஹோவர்த் பூயிஸ் என்பவருக்கும் சேர்த்து, 2016ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதனுக்கு 1987ல் முதல் பரிசாகக் கொடுத்தார்களே, அதே பரிசு.

பிஸ்கோத்து அங்கேயும் வந்தது! ருவாண்டா நாட்டில் ஒரு கம்பெனி, கோதுமை மாவைக் குறைத்து, அவித்து மசித்த ஆரஞ்சுக் கிழங்கைச் சேர்த்து பிஸ்கோத்துச் செய்து கடைக்கு அனுப்பியது. கோதுமை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கிழங்கு பக்கத்து வயலில் விளைகிறது. குடியானவனுக்கு விற்பனை, பிள்ளைக்குச் சத்து. ஆப்பிரிக்கக் கிழங்கு பிஸ்கோத்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், சமையல் புத்தகத்தில் உள்ளதை விட இதையே நாம் சொல்வோம்.

நம் வீட்டுக் கணக்கு

இதெல்லாம் ஆப்பிரிக்காச் சமாசாரம், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். சத்துணவு ஆராய்ச்சி நம் நாட்டில் வேர்விட்டதே நம்முடைய நீலகிரியில்தான். குன்னூரில் இருந்த ஆராய்ச்சிக் கூடம் 1958ல் ஐதராபாத்துக்கு மாறியது. அங்கே தலைமை வகித்த டாக்டர் சி. கோபாலன் 1918ல் சேலத்தில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ‘ஏ’ சத்து மருந்து கொடுத்தால் கண்ணைக் காப்பாற்றலாம் என்று அந்த நிலையம் சோதித்துக் காட்டியது. 1970ல் அது தேசத் திட்டமாயிற்று. இன்றும் அங்கன்வாடியில் அந்தச் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். உங்கள் குழந்தைக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

திருச்சிக்கு இதில் இன்னொரு பெருமை உண்டு. 1982 ஜூலை 1ந் தேதி, முதலமைச்சர் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில். அதற்கு முன்பே காமராசர் 1956ல் மதிய உணவுக்கு வழி செய்திருந்தார். பள்ளியில் போடுகிற சோற்றை அரசாங்கம் கவனிக்கிறது. பள்ளி விட்டு வந்து சாயங்காலம் பிள்ளை எதைக் கடிக்கிறது என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் மைதா, சர்க்கரை, பாமாயில். பசி அடங்குகிறது. வேறு என்ன கிடைக்கிறது?

முருங்கைக் கீரையிலும் பப்பாளிப் பழத்திலும் பரங்கிக் காயிலும் ‘ஏ’ சத்துக்கு வழி உண்டு. வாரம் நாலு நாள் கீரை தின்கிற பிள்ளைக்குக் கிழங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் எத்தனை பிள்ளைகள் கீரை தின்கின்றன? தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்து போகின்றன. பிஸ்கோத்தை ஒதுக்குகிற பிள்ளையை நாம் பார்த்ததில்லை.

ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் கிடைக்கிற சர்க்கரைவள்ளி பெரும்பாலும் தோல் சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கிறது. தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைக் கிழங்கும் நல்ல உணவுதான். நார்ச்சத்து உண்டு, தெம்பு உண்டு. கண்ணுக்கான சத்துத்தான் அதில் இல்லை. ஆரஞ்சு நிறக் கிழங்கைக் கேட்டு வாங்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1963ல் ஏற்பட்ட மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ‘பூ சோனா’ என்ற ஆரஞ்சு ரகத்தையும், ‘பூ கிருஷ்ணா’ என்ற ஊதா ரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் கேட்டால் முதல் நாள் இல்லை என்பார்கள். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது பேருக்கு வரவழைப்பார்கள். வியாபாரி நம் வாயைப் பார்த்துத்தான் சரக்குப் பிடிக்கிறான்.

செய்யும் விதம்

கிழங்கு கால் கிலோ. கோதுமை மாவு கால் கிலோ. பச்சரிசி மாவு 50 கிராம். இதுதான் மண்ணச்சநல்லூர்ப் பங்கு. ஆலையில் மலிவாகக் கிடைக்கிற பச்சரிசிக் குருணையை அரைத்தாலே போதும். அரிசி மாவு சேர்ந்தால் பிஸ்கோத்து மொறுமொறுப்பாக இருக்கும். வெண்ணெய் 100 கிராம். நாட்டுச் சர்க்கரை 100 கிராம். கிழங்கே இனிப்பாக இருப்பதால் இதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி. ஜாதிக்காயை இரண்டு இழைப்பு. ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல் தோலை மட்டும் துருவிப் போடவும்; உள்ளே வெள்ளைப் பகுதி கசக்கும். உப்பு ஒரு சிட்டிகை.

வெளிநாட்டுச் செய்முறையில் முட்டை உண்டு. நாம் விட்டுவிட்டோம். காரணம் பிறகு சொல்கிறோம்.

கிழங்கைத் தண்ணீரில் வேக வைக்காதீர்கள்; இட்லிப் பானையில் ஆவியில் அவியுங்கள். தண்ணீரில் வெந்தால் கிழங்கு ஈரம் குடித்துவிடும், பிஸ்கோத்து பிசுபிசுக்கும். ஆறிய பிறகு தோலை உரித்து மசிக்கவும். வெண்ணெயையும் சர்க்கரையையும் கையால் நன்றாகக் குழைத்து, மசித்த கிழங்கைச் சேர்க்கவும். மாவு, பேக்கிங் பவுடர், மற்றப் பொடிகளைச் சலித்துக் கொட்டிப் பிசையவும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசையக் கூடாது. சேர்த்து உருட்டினால் போதும். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு. எலுமிச்சங்காய் அளவு உருட்டி, தட்டையாக அழுத்தி, முள்கரண்டியால் கோடு போடவும்.

“எங்கள் வீட்டில் பிஸ்கோத்து அடுப்பு இல்லையே!” என்பீர்கள். வேண்டியதில்லை. கனமான பழைய அலுமினியப் பாத்திரமோ இரும்புச் சட்டியோ எடுத்துக் கொள்ளுங்கள். அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பொடி உப்பு அல்லது சலித்த மணல். அதன் மேல் ஒரு முக்காலி வளையம். மூடிப் பத்து நிமிஷம் காய விடுங்கள். நெய் தடவிய தட்டில் பிஸ்கோத்துகளை இடைவெளி விட்டு அடுக்கி, வளையத்தின் மேல் வைத்து மூடுங்கள். தீயைத் தணித்து இருபது முதல் இருபத்தைந்து நிமிஷம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடலாம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால் மேலே இறுகும். “வேகவில்லை” என்று மறுபடி வைத்துக் கருக்கிவிடாதீர்கள். புதுக் குக்கரை இதற்கு எடுத்துப் பாழாக்க வேண்டாம்.

அந்த ‘ஏ’ சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். அதனால் வெண்ணெய் இந்தப் பண்டத்தில் ருசிக்காக மட்டும் இல்லை. சுடும்போது சத்தில் கொஞ்சம் குறையும். பெரும் பங்கு நிற்கும்.

யாருக்கு எந்த வேலை?

மூன்று வயதுக் குழந்தைக்கு மாவைச் சலிப்பது பெரிய திருவிழா. பாதி தரையில் போகும். பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். ஐந்து வயதுக்கு மசிக்கும் வேலை. ஆறு, ஏழு வயதுக்கு உருட்டுவது, கோடு போடுவது. எட்டு வயதுக்கு மேல் தராசும் அளவும். கால் கிலோ என்றால் எத்தனை கிராம் என்று அப்போது சொல்லட்டும். வகுப்பில் வராத கணக்கு இங்கே வரும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, இந்தப் பத்திரிகையை எடுத்து உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் செய்யட்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பதம் பார்க்கச் சொல்லுங்கள். அச்சு முறுக்கு அச்சைப் பழக்கிய கை அது.

அடுப்பு, காய்ந்த சட்டி, கத்தி மூன்றும் பெரியவர்கள் வேலை. இதில் தயவு தாட்சணியம் கூடாது.

ஆண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். “அவன் பையன், அவனுக்கு எதற்கு?” என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் கேட்கிறது. மாவு பிசைந்தால் மீசை முளைக்காமல் போய்விடுமா? நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர்கள் எல்லோரும் ஆண்கள்தானே! அந்த ஒரு நாளைக்கு வீட்டு எஜமானரும் கையைக் கழுவிக் கொண்டு உட்காரலாம். அவர் உருட்டியது கோணலாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சிரிக்க ஒரு சந்தர்ப்பம்.

கோணலாக இருந்தாலும் மறுபடி உருட்டிச் சரி செய்யாதீர்கள். பிள்ளை பார்க்காத சமயத்தில் அதன் பிஸ்கோத்தை அழகுபடுத்துவது சில தாய்மார்களின் வழக்கம். பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தான் செய்தது தட்டில் இல்லை என்று கண்டால், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை சமையலறைப் பக்கம் வராது.

தட்டு போகட்டும்

முட்டை சேர்க்காததன் காரணத்தை இப்போது சொல்கிறோம். கிறிஸ்துமஸ் பலகாரம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தட்டில் வைத்து, மேலே துணி மூடி, தெருவில் பத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டில் மார்கழி நோன்பு. எதிர் வீட்டில் சமயபுரத்துக்கு மாலை போட்டிருக்கலாம், அல்லது ஐயப்பனுக்கு. அடுத்த வீட்டுப் பாட்டி ஸ்ரீரங்கத்துக்காரர். முட்டை என்றால் தொட மாட்டார். முட்டை இல்லாத பிஸ்கோத்து என்றால் எல்லோரும் வாயில் போடலாம். கிழங்கே சாப்பிடாதவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

அந்தத் தட்டைப் பிள்ளைகளிடமே கொடுத்து அனுப்புங்கள். “அத்தை, இதை நானே செய்தேன்” என்று சொல்லிக் கொடுக்கட்டும். வெறுந்தட்டைத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒரு பிடி சர்க்கரையோ நாலு வெற்றிலையோ வைத்துத்தான் வரும். பொங்கலன்று அந்த வீட்டுப் பிள்ளை கரும்பும் கிழங்கும் கொண்டு வரும். ரம்ஜானுக்கு இன்னொரு வீட்டுச் சேமியா வரும். ஒரே தெருவில் இருந்துகொண்டு பேர் தெரியாமல் வளர்கிற பிள்ளைகள் இப்போது அதிகம். தட்டு தூக்கிப் போனால் வாசலாவது தெரியும்.

இந்த பிஸ்கோத்து முறுக்கு மாதிரி மாதக் கணக்கில் இருக்காது. கிழங்கின் ஈரம் உள்ளே இருப்பதால் மூன்று நாள், நாலு நாள்தான். ஆகவே 20ந் தேதியே செய்து அடுக்காதீர்கள். 23ந் தேதி சாயங்காலம் செய்தால் சரியாக இருக்கும். பள்ளிக்கூடமும் அப்போது விட்டிருக்கும்.

வாங்கிய கிழங்கில் ஒன்றை அவிக்காமல் எடுத்து வையுங்கள். பாதி தண்ணீரில் இருக்கும்படி ஒரு கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், இரண்டு மூன்று வாரத்தில் முளை விட்டுக் கொடி வரும். கொடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நடலாம். கொல்லையில் இடமில்லாவிட்டால் பழைய அரிசிச் சாக்கில் மணல் கலந்த மண்ணை நிரப்பி நடுங்கள். மண்ணச்சநல்லூரில் சாக்குக்கா பஞ்சம்? வாய்க்கால் ஓரத்தில் காடாக மண்டிக் கிடக்கிறதே, ஊதாப் பூப் பூக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு, அதுவும் சர்க்கரைவள்ளியும் ஒரே குடும்பம். பூவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் காட்டாமணக்கு விஷம்; வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். சர்க்கரைவள்ளிக் கொடிக்குத் தழைச்சத்து உரத்தை அதிகம் போட்டால் இலைதான் மண்டும், கிழங்கு இறங்காது. மண்ணில் வெடிப்பு விட்டால் அதன் வழியாகக் கூன்வண்டு இறங்கி, கிழங்கைத் துளைக்கும். அவ்வப்போது மண்ணை அணைத்துவிட வேண்டும். நட்ட நாலாவது மாதம் தோண்டலாம்.